உள்ளங்கையில் ஓர் இரைச்சல்

பஞ்சாலைக்குள் யாரும் யார் பேச்சையும் காதால் கேட்பதில்லை. நூற்பு இயந்திரங்கள் வரிசைகட்டி ஓடும் கூடத்தில் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவனுக்கு எட்டாது. அதனால் அங்கே எல்லோரும் உதட்டைப் பார்த்துப் பேசப் பழகியிருந்தார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் கட்டைவிரல் வாய்க்குப் போகும். சூப்பர்வைசர் வருகிறார் என்றால் இல்லாத மீசையை ஒருவன் முறுக்குவான். மில்லுக்குள் நுழைந்த ஆறு மாதத்தில் எவனுக்கும் இந்தப் பாஷை வந்துவிடும்.

இராஜபாளையத்தில் அப்படியொரு மில்லில் எலக்ட்ரீசியனாக இருந்த தவசிமுத்துவுக்கு இது பெரிய வசதியாகப் போயிற்று. இருபத்திரண்டு வருட வேலையில் கடைசி ஏழு வருடமாக அவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. முதலில் போனவை மெல்லிய சத்தங்கள். அணில் போயிற்று, குக்கர் விசில் போயிற்று, பேத்தியின் கொலுசு போயிற்று. பிறகு பேச்சு நைந்துகொண்டே வந்தது. காலியான இடத்தில் ஓர் இரைச்சல் வந்து குடியேறியது. பெரிய டிரான்ஸ்பார்மர் ஒன்றின் பக்கத்தில் நிற்பது போல, இரவும் பகலும், விடாமல்.

இது அவருடைய மனைவி சுடலையம்மாளுக்கு மட்டும் தெரியும். மில்லில் தெரியாது. தெரியக் கூடாது என்பதில் தவசிமுத்து வெகு கவனமாக இருந்தார். காரணம் மாரிச்சாமி. மூன்று வருடத்துக்கு முன்னால் மிஷின்களைப் பழுதுபார்க்கும் ஃபிட்டர் மாரிச்சாமி இயந்திரத்துக்குள் கைவிட்டு வேலை செய்துகொண்டிருந்தபோது, "ஓட்டவா?" என்று ஒருவன் கேட்டான். மாரிச்சாமிக்குக் கேட்கவில்லை. கேட்டவனும் பதிலுக்கு நிற்காமல் ஓட்டிவிட்டான். இரண்டு விரல் போயிற்று. மில் டாக்டர் சோதித்துவிட்டு, ஆளுக்குக் காது மந்தம் என்று எழுதினார். அதோடு மாரிச்சாமியைக் கழிவுப் பஞ்சுக் குடோனுக்கு அனுப்பிவிட்டார்கள். சம்பளம் குறையவில்லை. மூட்டையை எண்ண வேண்டும், தூசி தட்ட வேண்டும், சாயங்காலம் சங்கு ஊதினால் வீட்டுக்குப் போக வேண்டும். ஒரு மோட்டாரைத் தொட முடியாது.

அன்றிலிருந்து அவர் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். எந்த லைனில் வேலை செய்வதானாலும் அந்த லைனின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். மற்றவர்கள் கட்டையைப் போர்டின் மேலேயே வைத்துவிட்டு, "லைன் போடவா?" "போடு!" என்று கத்திக்கொள்வார்கள். இவருக்கு அந்தக் கத்தலை நம்பி நிற்க முடியாது. கட்டை தன் பையில் இருக்கும்வரை எவனாலும் கரண்டைப் போட முடியாது. அந்தப் பீங்கான் கட்டையின் கனம் நெஞ்சில் உட்கார்ந்திருந்தால்தான் அவருடைய கை வேலைக்கே போகும்.

1998 சித்திரையில், ஒரு வெள்ளிக்கிழமை, முதலாளி வைகுண்டராஜ் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். ஆபீஸ் அறை அமைதியாக இருந்தது. தவசிமுத்துவுக்கு அமைதியான அறைகள் பிடிக்காது. வாசல் பக்க வெளிச்சம் முதலாளியின் முகத்தில் விழுகிற மாதிரி பார்த்து நின்றுகொண்டார்.

"தவசி, துபாய்ல இருந்து மச்சினன் ஒரு ரிசீவரும் ரெண்டு ஸ்பீக்கரும் குடுத்து விட்டிருக்கான். நம்ம விசாலா அதைக் கம்ப்யூட்டரோட சேத்தே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கா. மதுரைக் கம்ப்யூட்டர்க்காரன் இந்தா வாரேன், அந்தா வாரேன்னு ஒரு மாசமா இழுக்கான். ஞாயித்துக்கிழமை வந்து செத்தப் பாத்துக் குடுத்திரு."

"எனக்குப் பாட்டுப் பொட்டியெல்லாம் பழக்கமில்லீங்க மொதலாளி."

"எந்த மோட்டார்ல காயில் போனாலும் கையை வச்சே சொல்லிருவேன்னு பீத்துவேல்ல? இதுவும் கரண்டுதான."

மறுக்க வழியில்லை. மறுத்தால் ஏன் என்று ஒரு கேள்வி வரும்.

ஞாயிறு காலையில், குடியிருந்த ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையத்துக்குப் பஸ் ஏறும்போது சுடலையம்மாள் அவர் முகத்துக்கு நேரே நின்று, வாயைத் திறந்து திறந்து சொன்னாள்.

"ஒண்ணுமே பேசாதீங்க. எது கேட்டாலும் தலைய ஆட்டிட்டு வேலையப் பாருங்க."

"எல்லாத்துக்கும் தலைய ஆட்டினா பைத்தியக்காரன்னு சொல்ல மாட்டாங்களா?"

"பைத்தியம்னா குடோனுக்கு அனுப்ப மாட்டாங்கள்ல? ஆட்டுங்க."

முதலாளி வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் ஒரு மேசையில் இருந்தது. ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே கறுப்புப் பெட்டிக்குள் அடங்கிய ரிசீவர் கீழ்த்தட்டில். புத்தக அலமாரியில் வைக்கும் அளவில் இரண்டு மர ஸ்பீக்கர்கள் இன்னும் பிளாஸ்டிக் உறை கழற்றாமல். முதலாளியின் மகள் விசாலா கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறவள், விடுமுறைக்கு வந்திருந்தாள். நல்லவேளை, முகத்தைப் பார்த்துப் பேசுகிற பெண்.

"நானே ஒரு தடவை மாட்டிப் பாத்தேன் தவசி அண்ணே. காட்டுக் கத்தலாக் கத்துச்சு."

தவசிமுத்து ரிசீவரின் முதுகைத் திருப்பிப் பார்த்தார். இசைத்தட்டு ஓட்டும் கருவிக்கென்று இருந்த துளையில் அவள் ஒயரைச் செருகியிருந்தாள். அதில் போகும் சத்தத்தை ரிசீவர் பல மடங்கு பெருக்கிவிடும். கத்தாமல் என்ன செய்யும்? பக்கத்தில் ஏ, யு, எக்ஸ் என்ற மூன்று எழுத்துக்குக் கீழே இருந்த ஜோடித் துளைக்கு மாற்றினார். அவள் வாங்கி வைத்திருந்த ஒயர் வெறும் மெலிசு ஒயர். அதைக் கழற்றிப் போட்டுவிட்டு, மேல்சுற்றுக் கம்பி வலை உள்ள மைக் ஒயரில் தானே ஒன்று பற்றவைத்தார். ஒரு முனையில் கம்ப்யூட்டருக்குப் போகும் ஒற்றைப் பின், மறு முனையில் ரிசீவருக்குச் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு.

பிறகு செய்ததை விசாலா கண்கொட்டாமல் பார்த்தாள். ஸ்பீக்கரின் துணியைக் கழற்றி, கூம்பின் மேல் விரல்நுனியை வைத்து, ஒரு டார்ச் செல்லை ஸ்பீக்கர் ஒயரில் தொட்டுத் தொட்டு எடுத்தார். ஒரு பூச்சி மூச்சு விடுகிறாற்போலக் கூம்பு விரலைத் தள்ளியது.

"இது எதுக்குண்ணே?"

"ரெண்டு பொட்டியும் ஒண்ணா முன்னால தள்ளணும் பாப்பா. ஒண்ணு தள்ளி ஒண்ணு இழுத்தா சத்தம் செத்துப் போகும்."

"எங்க லேப்ல இதையே அரை நாள் நடத்தினாங்க."

எல்லாம் மாட்டியாயிற்று. சுவிட்சைப் போட்டார்கள். விசாலாவின் முகம் சுருங்கியது. சோபாவிலிருந்த வைகுண்டராஜ் பேப்பரைக் கீழே வைத்தார்.

"என்னப்பா இது, ர்ர்ர்ருன்னு ஒரே இரைச்சலா இருக்கு?"

தவசிமுத்து முதலாளியின் உதட்டில் 'இரைச்சல்' என்ற சொல்லைப் படித்துவிட்டார். ஆனால் அவர் எந்த இரைச்சலைச் சொல்கிறார்? இவர் தலைக்குள் ஏழு வருடமாக ஓடுகிற அதே சத்தம்தான் இப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. அறையில் இன்னொன்று இருக்கிறதா, எங்கே இருக்கிறது? பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, யோசிப்பவர் போல, ஸ்பீக்கரின் கூம்பில் உள்ளங்கையை வைத்தார்.

இருந்தது. உள்ளங்கைக்குள் பொடிப் பொடியாக நடுங்கியது. தன் தலைக்குள் மட்டுமே இருந்த ஒன்றை வெளியே, எல்லோருக்கும் கேட்கும்படி யாரோ எடுத்து வைத்தது போல இருந்தது அவருக்கு.

"மதுரைக்காரன் போன்ல சொன்னான்ணே," என்றாள் விசாலா. "பிளக்ல மூணாவது பின்னை ஒடிச்சு விட்டுட்டா நின்னுருமாம்."

"நிக்குதோ நிக்கலியோ, எர்த் பின்னை ஒடிச்சிட்டு நாளைக்கு ஒனக்கு ஷாக் அடிச்சா அவனா வருவான்?"

கம்ப்யூட்டரின் தகரப் பெட்டியைப் புறங்கையால் லேசாகத் தடவினார். எறும்பு ஊர்வது போல் சுருக்கென்றது. புரிந்துவிட்டது. கம்ப்யூட்டரில் கசிகிற கரண்டு மண்ணுக்குப் போக வழியில்லாமல் பெட்டியிலேயே நிற்கிறது. அதுதான் ஒயர் வழியாகப் பாட்டுக்குள் நுழைகிறது.

"மொதலாளி, நம்ம வீட்டு எர்த் குழி எங்கன இருக்கு?"

வைகுண்டராஜ் விழித்தார். தோட்டத்தைச் சுற்றித் தேடினார்கள். போன வருடம் கொட்டகை போட்டபோது குழியின் மேலே பழைய டயர்களை அடுக்கிவிட்டிருந்தார்கள். டயர்களை நகர்த்திப் பார்த்தால், கரியும் உப்பும் போட்ட குழி சித்திரை வெயிலில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

"மில்லுல எர்த் குழிக்கு வாரா வாரம் தண்ணி ஊத்தச் சொல்லி நோட்டே போட்டிருக்கீங்க. வீட்டுல ஊத்த ஆளில்ல. காஞ்ச மண்ணுல கரண்டு எறங்காதுங்க."

"என் கையெழுத்துப் போட்ட நோட்டை எனக்கே சொல்லுதான் பாரு!" என்று முதலாளி சிரித்தார். அவரே வாளியைத் தூக்கினார். எட்டு வாளி குடித்தது அந்தக் குழி.

மறுபடி சுவிட்சைப் போட்டார்கள். தவசிமுத்து கூம்பில் கையை வைத்தார். தோலுக்குக் கீழே ஒன்றுமில்லை, குளத்துத் தண்ணீர் போல நிம்மதி. விசாலா ஒரு சிடியைப் போட்டாள். இப்போது கூம்பு வேறு மாதிரி துள்ளியது. தாளம் என்று தெரிந்தது. விசாலா கண்களை மூடித் திறந்தாள். முதலாளி காலாட்டினார். இரண்டு பேர் முகத்திலும் பாட்டு ஓடுவதைத் தவசிமுத்து பார்த்துக்கொண்டிருந்தார். அது போதும் போலிருந்தது.

பாட்டை நிறுத்திக் கம்ப்யூட்டரை மூடியதும், பிளக் துளையின் பின்னால் எர்த் ஒயரையும் ஒரு தடவை முறுக்கிவிடுவோம் என்று அந்த அறையின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். திருகை இறுக்கி முடித்து நிமிர்ந்தபோது விசாலா ஆசையாகக் கேட்டாள்:

"அண்ணே, கடைசில அந்தப் புல்லாங்குழல் வலது பொட்டியிலதான வந்துச்சு?"

"ஆமா பாப்பா, வலதுதான். கணீர்னு வந்துச்சே," என்று தலையை ஆட்டினார்.

விசாலாவின் புருவம் ஏறியது. "இடதுலண்ணே..." என்றாள், மெதுவாக. "வீணையோட சேந்து, பொடிசா."

அந்த முகத்தில் சந்தேகம் முளைப்பதை அவர் கண்ணால் பார்த்தார். அதன் பிறகு அவருக்கு நிற்க முடியவில்லை. காப்பி வேண்டாம் என்றார், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்றார், கும்பிட்டார், திருப்புளிகளை மஞ்சள் பைக்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

அவர் தெருமுனையை அடைவதற்குள் விசாலா மறுபடி பாட்டுக் கேட்க சுவிட்சைப் போட்டாள். உயிரில்லை. போர்டைத் திறந்தாள். கட்டை இருந்த இடம் பல் விழுந்த பொக்கையாக இருந்தது.

"தவசி அண்ணே!" என்று வாசலிலிருந்து கத்தினாள். வைகுண்டராஜ் கத்தினார். "ஏ தவசி! ஏலே தவசிமுத்து! கட்டைய வச்சிட்டுப் போ!" எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார், தெருவில் போன ஐஸ்காரர் நின்று திரும்பினார். தவசிமுத்து மட்டும் ஒரே சீராக நடந்துபோய், வந்து நின்ற பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து போயே போய்விட்டார்.

வைகுண்டராஜ் வாசலிலேயே நின்றார்.

"ஏமம்மா," என்றார் மகளிடம், "தெரு முழுக்கத் திரும்பிப் பாக்குது, இவன் பாக்கலியே?"

"நைனா, வண்டிய எடுங்க," என்றாள் விசாலா.

தவசிமுத்து வீட்டுக் கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்தபோது முதலாளியின் கார் ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சந்துக்குள் வந்து நின்றது. சுடலையம்மாள் பதறி வரவேற்றாள். "இந்தாருங்க, இந்தாருங்க!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள், வந்தவர்களுக்காக. பிறகு பழக்க தோஷத்தில், குதிகாலால் தரையில் ஓங்கி இரண்டு மிதி மிதித்தாள். கொல்லையிலிருந்து தவசிமுத்து உடனே திரும்பிப் பார்த்தார்.

கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாதவர், தரையின் அதிர்வுக்குத் திரும்பியதை மூன்று பேரும் பார்த்தார்கள்.

"அவியளுக்கு ரேடியோச் சத்தத்துல கேட்டிருக்காது..." என்று இழுத்தாள் சுடலையம்மாள். ரேடியோ மூடிக் கிடந்தது.

தவசிமுத்து தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தார். கட்டை. அதை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். கட்டையின் மேல் குடோனும் மூட்டைகளும் ஏறி உட்கார்ந்தது போல அது கனத்தது.

வைகுண்டராஜ் அவருக்கு நேரே, வெளிச்சத்தில் வந்து நின்று கேட்டார். "எம்புட்டு வருசமா?"

"ஏழு வருசம்ங்க மொதலாளி."

"பொறவு எப்படி அந்த இரைச்சலை நிறுத்தினே?"

தவசிமுத்து உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"கட்டை எதுக்குப் பையில?"

"போடவான்னு கேட்டா எனக்குக் கேக்காதுங்க. அதான் கேக்குற வேலையே வச்சுக்கிறதில்ல."

முதலாளி கட்டையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அது உடம்புச் சூட்டில் கதகதப்பாக இருந்தது. விசாலா அவர் கையைத் தொட்டாள். "நைனா, மாரிச்சாமி அண்ணன் மிஷினை நிறுத்தினவன் கட்டையைப் பையில போட்டிருந்தா..." என்றாள்.

வைகுண்டராஜ் எளிதில் மனம் மாறுகிறவர் அல்ல. இந்த மனிதன் கைவைத்த லைனில் யாருக்காவது ஷாக் அடித்ததுண்டா என்று யோசித்துப் பார்த்திருப்பார். கிளம்பும்போது காரின் கதவைப் பிடித்துக்கொண்டு, உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னார்:

"குடோனுக்கு நீ வேண்டாம். நாளைல இருந்து மில்லுல எவன் லைனைத் தொட்டாலும் கட்டை அவனவன் பையில இருக்கணும். மாரிச்சாமியையும் கூட்டிட்டு வா, அவன்ட்டயும் பேசணும். பொறவு, எலக்ட்ரிக்கல் ரூம் போனுக்கு மணியோட ஒரு சிவப்பு லைட்டும் வேணும். நீயே மாட்டிக்க. ஒனக்குத்தான."

"என் வீட்டுக் கட்டைய மட்டும் மறுபடி தூக்கிட்டுப் போயிராத," என்று காருக்குள் இருந்து சேர்த்துக்கொண்டார்.

திங்கட்கிழமை தவசிமுத்து சிவப்பு விளக்கை மாட்டினார். போன் அடித்தால் எரியும். எதுக்கு என்று கேட்டவர்களிடம், "மொதலாளி சொன்னாரு" என்றார். சாயங்காலம் போன் வந்தது. விளக்கு எரிந்தது. அவர் கையில் வேலை இருந்ததால் யாராவது எடுக்கட்டும் என்று நிமிர்ந்து பார்த்தார்.

அறையில் அவரைத் தவிர ஐந்து பேர் இருந்தார்கள். இரண்டு பேர் மணிச் சத்தம் கேட்டதுமே போனை நோக்கித் தலையைத் திருப்பினார்கள். மற்ற மூவரும், அவர்களில் எப்போதும் சத்தமாகப் பேசிச் சிரிக்கும் ஆவுடையப்பன் ஒருவர், சுவரில் இருந்த சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்கள். தவசிமுத்துவின் கண்ணும் ஆவுடையப்பன் கண்ணும் ஒரு கணம் சந்தித்துக்கொண்டன. ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

மறுநாள் தவசிமுத்து நூற்புக் கூடத்து போனுக்கும் இன்னொரு சிவப்பு விளக்கு வேண்டுமென்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.