எதிர்க்காற்றின் மட்டு மதிப்பு

வானிலை நிலையத்து எழுத்தருக்கு ஊரார் வைத்த பெயர் எதிர்க்காற்று. நாளைக்குக் காற்றழுத்தம் எவ்வளவு மாறும் என்பதை இருபத்திரண்டு வருடங்களில் அவர் ஒருமுறைகூடப் பிசகாமல் சொல்லியிருக்கிறார். எந்தப் பக்கம் மாறும் என்பதில்தான் உதைக்கும். அழுத்தம் ஏறும், வெயில் என்பார். இறங்கிப்போய் மழை கொட்டித் தீர்க்கும்.

ஒருநாள் பேருந்தில் பக்கத்து இருக்கை மாணவியின் கணக்குப் புத்தகம் கண்ணில் பட்டது. மட்டு மதிப்பு. கூட்டலோ கழித்தலோ, இரண்டு கோடுகளுக்குள் போட்டால் அளவு மட்டும்தான் மிஞ்சும். வழக்கமான காற்றழுத்தம் 1013. அன்றே முன்னறிவிப்புப் பலகையில் எழுதினார்: |அழுத்தம் − 1013| = 7.

"மழையா வெயிலாய்யா?" என்றார் மேலதிகாரி.

"1020-ன்னா வெயில், 1006-ன்னா மழை. ரெண்டுல ஒண்ணு சார். தப்பவே தப்பாது."

தப்பவில்லை. ஊர் முழுக்க ஒரு கையில் குடையும் மூக்கில் கறுப்புக் கண்ணாடியுமாகத் திரிந்தது. ஆனால் புகார் என்று ஒரு கடிதம்கூட வரவில்லை. தலைமை அலுவலகம் பூரித்துப்போய்ப் பதவி உயர்வோடு மாற்றல் உத்தரவும் அனுப்பியது: 'தற்போதைய இடத்திலிருந்து முந்நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிலையம்.'

ஊரில் ஓடுவது ஒரே ரயில் பாதை. வடக்கேயும் போகும், தெற்கேயும் போகும். எந்தப் பக்கம் என்று தலைமை அலுவலகத்தைத் தொலைபேசியில் கேட்டார்.

"உங்க முறைதான். ஆபீஸ் முழுக்க இப்ப அப்படித்தான்," என்று வைத்துவிட்டார்கள்.

மனைவி பெட்டியைக் கட்டி முடித்து எதிரே வந்து நின்றாள். "நல்லா யோசிச்சு சொல்லுங்க. எந்தப் பக்கம்?"

கண்ணை மூடி வெகுநேரம் யோசித்தார். "தெற்கு."

"அப்ப வடக்குக்கு ரெண்டு டிக்கெட் எடுங்க."

வடக்கே நிலையம் இருந்தது. அதில் ஒரே ஒரு நாற்காலி, நாற்காலியில் ஒரு குண்டு மனிதர். அவர் இன்னும் முந்நூறு கிலோமீட்டர் அப்பாலிருந்து அதே உத்தரவோடு வந்தவர்.

"நீங்களுமா?" என்றார் குண்டு மனிதர், பாதி எழுந்து.

"உக்காருங்க, உக்காருங்க. நான் நின்னுக்கிறேன்."

இருவரில் யாருக்கு அந்த இடம் என்று கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. காலையில் இவர் உட்கார்ந்தார், மதியத்துக்கு மேல் அவர். ஓய்வு பெறும்வரை நாற்காலியால் ஒரு சண்டைகூட வந்ததில்லை. இன்றைக்கு வெயிலா மழையா, ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்பதில்தான் தினமும் வந்தது.