நான் விற்ற நைலான் உள்சட்டை

எழுபதுகளின் நடுவில், ஒரு சித்திரை மாதம். செங்கல்பட்டு கடைத்தெருவில் என் மாமாவின் ஜவுளிக்கடையில் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியான வெயிலில், மாமல்லபுரத்திலிருந்து பஸ் பிடித்து ஒருவர் வந்தார். கல் செதுக்கும் தொழிலாளி. அவர் மனைவி பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருந்தாராம்.

"படுத்தே கெடக்குறதால அதுக்கு முதுவு நனைஞ்சிகினே கீது, தம்பி. உள்ள போட வேர்வய இழுக்கிற மாதிரி ஒரு சட்ட குடு" என்றார்.

அலமாரியில், வேர்வையை உறிஞ்சும் மெல்லிய பருத்தியான மல் துணியில் தைத்த உள்சட்டைகள் இருந்தன. ஆனால் புதிதாக இறக்கிய நைலான் சட்டைகள் விற்காமல் தேங்கிக் கிடந்தன. அவற்றைத் தள்ளிவிட்டு மாமாவிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பு.

"இத்த எட்துகினு போ அண்ணாத்த. வேர்வயெல்லாம் இழுத்துக்கும். தோச்சா ஒடனே காஞ்சிடும்" என்றேன்.

காயும் என்பது மட்டும்தான் உண்மை. நானே ஒரு நைலான் சட்டை போட்டு, உடம்போடு ஒட்டி, வேர்க்குரு வந்து தூக்கி எறிந்தவன். அவர் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துச் சிரித்தார். ரோஜா நிறத்தில் இரண்டு வாங்கிப் போனார்.

வைகாசிக் கடைசியில் மறுபடி வந்தார். தாடி வளர்ந்திருந்தது. மனைவியின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் படைக்க ஒரு புடவை வேண்டும் என்றார். தயங்கித் தயங்கி அந்தச் சட்டையைப் பற்றிக் கேட்டேன்.

"முதுவு பூரா வேர்க்குரு. அப்பறம் புண்ணா பூட்சி. அதுக்கு வாய் வராது. கயட்டப் போனா என் கைய புட்ச்சிக்கும். நான் ஆசையா வாங்கினு வந்தேன்ல, அதான். கடசி வரைக்கும் அதோடயே கெடந்துச்சி."

என்னால் சும்மா நிற்க முடியவில்லை. அது வேர்வையை இழுக்காது என்று தெரிந்தேதான் விற்றேன் என்று சொல்லிவிட்டேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார்.

"தெரியுமா ஒனக்கு?"

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நூல் பொடவையா எட்து குடு. பஸ்ஸுக்கு நேரமாச்சி" என்றார். பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார். அப்புறம் அவர் எங்கள் கடைக்கு வரவே இல்லை.

மாமாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு, மீதி நைலான் சட்டைகளை அன்றே பரணில் ஏற்றினேன். அதற்குப் பிறகும் பல வருடம் துணி விற்றுத்தான் பிழைத்தேன். பொய் சொல்லி ஒரு கைக்குட்டைகூட விற்றதில்லை. ஆனாலும், வாய் பேச முடியாமல் கிடந்த அந்த அம்மாவின் முதுகு எரிந்த எரிச்சலில் எனக்கும் பங்கு உண்டு என்ற நினைப்பு, ஒவ்வொரு கோடையிலும் மனதை அறுத்துக்கொண்டுதான் இருக்கிறது.