மோட்டாரை நிறுத்திய ஊருக்கு ஒரு நாள் பயணம்

போன ஜூலையில் குற்றாலம் போனேன். சாரல் நேரம்தான், ஆனால் அருவியில் தலையைக் காட்டப் போகவில்லை. தேனிப் பக்கம் மலையடிவார நகராட்சி ஒன்றில் குடிநீர்ப் பிரிவில் உதவிப் பொறியாளராக இருக்கிறேன். எங்கள் பிரிவின் பணத்தில் பெரும்பங்கை விழுங்குவது மின்கட்டணம். குற்றாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில், மழைக்காலம் முழுக்க மோட்டாரை நிறுத்திவிட்டு, மலையோடைத் தண்ணீரைப் பழைய குழாய் வழியாகத் தானாகவே இறங்க வைத்துச் செலவைக் குறைத்துவிட்டார்களாம். பார்த்து அறிக்கை கொடுங்கள் என்று ஆணையாளர் அனுப்பினார். அந்த ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. ஏன் என்பது படித்தால் புரியும். என்னைப் போலவே பார்க்கக் கிளம்பும் சக பொறியாளர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பதினோரு வருடமாகத் தண்ணீரில்தான் பிழைப்பு, ஆனால் எனக்கு நீச்சல் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றாலே இறங்க மாட்டேன். வீட்டில் இதை வைத்து என்னைக் கிண்டல் செய்யாத ஆள் இல்லை.

முந்தின நாளே ராஜபாளையம் வந்து தங்கிவிட்டேன். காலை 5.10க்குப் பேருந்து, 7.15க்குத் தென்காசி, டிக்கெட் 72 ரூபாய். இறங்கியதும் தூறல். பேருந்து நிலையத்துக்கு எதிரே 180 ரூபாய்க்குச் சிவப்புக் குடை ஒன்று வாங்கினேன். கறுப்பு தீர்ந்துவிட்டதாம். அங்கிருந்து ஆட்டோ, எட்டுக் கிலோமீட்டர், 200 ரூபாய். "மெயினருவியா, ஐந்தருவியா?" என்றார் ஓட்டுநர். குடிநீர் மோட்டார் அறைக்கு என்றேன். திரும்பி என்னை ஒரு முறை பார்த்தார். "அருவியப் பாக்க வந்தவியளத்தான் பாத்திருக்கேன். மோட்டாரப் பாக்க வந்தவியள இப்பத்தான் பாக்குதேன்."

மோட்டார் அறையில் செய்யது காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். சவூதியில் பத்து வருடம் பம்ப் ரூமில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். இப்போது இங்கே குழாய்ப் பராமரிப்பு முழுவதும் அவர் தலையில். மூன்று மோட்டார்களும் துணி போர்த்திக் கிடந்தன. அந்த அமைதியைக் கேட்டபோது எனக்கு உள்ளபடியே பொறாமையாக இருந்தது. பேரேட்டில் மின்கட்டணம் மாதாமாதம் இறங்குவதையும் பார்த்தேன். "மேல குழாய் வாயில ஒரு சல்லட இருக்கு, மேடம். மழையில எல அடைச்சிரும். தெனமும் காலைல போயி அள்ளணும். இல்லைன்னா குழாய்ல காத்து ஏறி தண்ணி நின்னுரும்," என்றார். நானும் வருகிறேன் என்றேன். அறிக்கைக்குப் படம் வேண்டுமே.

ஒன்றரைக் கிலோமீட்டர் ஏற்றம், நாற்பத்தைந்து நிமிடம். வனத்துறை அனுமதிக் கடிதம் கையில் இருக்க வேண்டும். அட்டைப்பூச்சிக்கு உப்பும் தேவை. மேலே ஓடையின் குறுக்கே தாழ்வான ஒரு தடுப்பு, அதன் ஓரத்தில் இரும்புச் சல்லடை. தண்ணீர் பார்க்கச் சாதுவாகத்தான் இருந்தது. கைபேசியில் சிக்னல் இல்லை.

செய்யது கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "முன்ன ரெண்டு பேரு வருவோம். ஒருத்தர் அள்ளுவோம், ஒருத்தர் அங்கன பாறையில நின்னு மேல பாப்போம். அவரு ரிட்டயர்டு ஆயிட்டாரு. வேற ஆளு போடாம அந்தச் சம்பளத்தயும் மிச்சத்துல காட்டிட்டாவ. இன்னைக்கு நீங்க நில்லுங்க. பச்ச எல வந்தா பயமில்ல, அது காத்துல விழுதது. மக்குன சருகும் சுள்ளியும் நுரையுமா வந்தா, மேல தண்ணி கரை ஏறிட்டு, வெள்ளம் வருதுன்னு அர்த்தம். ஒடனே ஊதிருங்க."

ஓர் உயிரை என் கையில் கொடுத்துவிட்டு அவர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார். நான் முப்பது மீட்டர் மேலே, கரையோரம் உயர்ந்த பாறையில், குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விழுந்தால் என்னைத் தூக்கவும் அவர்தான் வர வேண்டும்.

பத்து நிமிடம் பச்சை இலைதான் வந்தது. பிறகு கறுத்த சருகு கொஞ்சம். பின்னாலேயே சுள்ளி, அழுக்கு நுரை. அப்போது நான் செய்ததை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஊதுவதற்குப் பதிலாக அளவைப் பார்த்தேன். பழக்கதோஷம். ஒரு பாறை வெடிப்பை நீர்மட்டத்துக்கு அடையாளமாக வைத்திருந்தேன். மட்டம் விரலளவுகூட ஏறவில்லை. இன்னொரு முறை பார்த்தேன். அதற்குள் மேலே லாரி ஏறுவதுபோல ஓர் உறுமல் கேட்டது.

விசிலை வாயில் வைத்தேன். உதடு உலர்ந்து ஒட்டிக்கொண்டது. வெறும் காற்றுதான் வந்தது. கத்தினேன், ஓடை இரைச்சலில் எனக்கே கேட்கவில்லை. செய்யது முதுகைக் காட்டிக் குனிந்து அள்ளிக்கொண்டிருந்தார். என்ன தோன்றியதோ, விரித்த குடையை அப்படியே ஓடையில் எறிந்தேன். அது சுழன்றுகொண்டே போய் அவர் தோளில் மோதியது. சிவப்பைப் பார்த்ததும் அவர் யோசிக்கவே இல்லை. வேரைப் பிடித்துக் கரையேறினார். அவர் கால் தண்ணீரை விட்டதும் செம்மண் நிறத்தில் வந்த வெள்ளத்தில் தடுப்பும் சல்லடையும் அவர் இலை அள்ளிய வாரியும் மறைந்தன.

நான் பாறையிலேயே உட்கார்ந்து அழுதேன். அவர் மேலே ஏறி வந்து, "புதுக் குடை போச்சே, மேடம்," என்றார். சிரித்துக்கொண்டே சட்டையைப் பிழிந்தார்.

இறங்கும்போது கேட்டேன், தனியாக வரும் நாட்களில் மேலே யார் பார்ப்பது என்று.

"ரெண்டு கை அள்ளுவேன், ஒருக்கத் திரும்பிப் பாப்பேன். அப்படித்தான்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் மழதான். நீங்கதான் இருக்க மாட்டிய."

திரும்பும் வழியில் மெயினருவிப் பக்கம் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். நான்கு காவலர்கள் விசில் ஊதிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் ஒவ்வொன்றும் என்னைத் தூக்கிப் போட்டது.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ராஜபாளையத்திலிருந்து போக வர, சாப்பாடு சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் முடியும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை போனால்தான் குழாய் முழு வேகத்தில் இறங்குவதைப் பார்க்கலாம். திட்டம் நல்ல திட்டம், சந்தேகமே இல்லை. ஆனால் பேரேட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். காலையில் சல்லடைவரை ஏறுங்கள். செலவு எங்கே குறைந்தது என்று கீழே தெரியும், யார் தலையில் ஏறியது என்று மேலேதான் தெரியும். நீரளவை நம்பாதீர்கள், சருகை நம்புங்கள்.

அந்த ஊர் அலுவலகத்துக்கு, இரண்டாவது ஆளைத் திரும்பப் போடச் சொல்லிக் கடிதம் எழுதினேன். இதுவரை பதில் இல்லை. இங்கே ஊர்ப் பெயரைப் போட்டால் செய்யதின் வேலைக்கே வினை வரும். அங்கே பலத்த மழை என்று செய்தி வரும் நாட்களில் அவர் மலையிறங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து, பத்தரை மணிக்கு மேல் செய்யதுக்குப் போன் செய்வேன். அவர் எடுக்கும்வரை எனக்கு வேறு வேலை ஓடாது.

என் அறிக்கையில், எங்கள் ஊரில் இதைச் செய்வதானால் சல்லடைக்குத் தினமும் இரண்டு ஆட்கள் என்று எழுதியிருந்தேன். ஆணையாளர் அந்த வரியில் பேனாவை வைத்துக்கொண்டே, "ஒருத்தர் போதாதாம்மா? நீங்க பார்த்த ஊர்ல ஒருத்தர்தானே பார்க்கிறார்?" என்றார்.

"இல்லை சார்," என்றேன். "நான் பார்த்த அன்று இரண்டு பேர் இருந்தோம். அதனால்தான் அவர் இருக்கிறார்."