ஏரிக்கரை மேல் ஒரு ரோடு

நான் வேலை பார்த்த நாளிதழில் ‘ரோடு’ என்ற சொல்லுக்கு இடமில்லை. ஓசூரிலிருந்து நான் அனுப்பும் செய்தியில் எத்தனை முறை எழுதினாலும் அலுவலக மேசையில் அது ‘சாலை’ ஆகிவிடும். தார் ரோடு தார்ச்சாலையாகும். குடிநீர் கேட்டு ஊர்க்காரர்கள் ரோட்டில் உட்கார்ந்தால் சாலை மறியல். ஒருநாள் மத்திகிரி கூட்ரோடும் ‘மத்திகிரி கூட்டுச்சாலை’ என்று அச்சாகி வந்தது. அன்று காலை கூட்ரோட்டு டீக்கடைக்காரர் என் முன்னால் பேப்பரைப் போட்டார்.

“சார், இந்த ஊரு எங்க இருக்குது? பஸ்ஸு போகுதா?”

பக்கத்தில் நின்றிருந்த கண்டக்டர் விடவில்லை. “டிக்கெட் இல்லீங்க அந்த ஊருக்கு. கூட்ரோட்டுல எறங்கி சாரைக் கேளுங்க.”

மேசையில் இருந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கு நல்ல தமிழ் வேண்டும். ஆனால் எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருந்தது. கன்னடம் பேசுகிறவரும் தெலுங்கு பேசுகிறவரும் தமிழ் பேசுகிறவரும் ஒரே டீக்கடையில் நின்று வழி சொல்லும்போது, தாரி, ரஸ்தே, தடம் என்று தொடங்கி, கடைசியில் மூவரும் ரோட்டில் வந்து சேருவார்கள். கடைசி எழுத்தை மட்டும் அவரவர் வழக்கப்படி இழுத்துக்கொள்வார்கள்.

பயன்பாடும் பலவகை. ‘ரோட்டுக்கு வா’ என்றால் பஸ் நிற்கும் இடத்துக்கு வா என்று பொருள். ‘ரோட்டு மேல காடு’ என்றால் முகப்பு ரோட்டைப் பார்த்திருக்கும் நிலம். அதை வைத்திருப்பவரின் பேச்சே தனியாக இருக்கும். மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களும் அவன் சம்பளத்தைக் கேட்பதற்கு முன், “வூட்டுக்கு ரோடு இருக்குதுங்களா?” என்று கேட்பார்கள். பதில் தயங்கி வந்தால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

இதையெல்லாம் நான் கவனித்த காலத்தில் என்னோடு கூட இருந்தவர் எங்கள் பத்திரிகையின் புகைப்படக்காரர். என்னைவிடச் சில வயது இளையவர். அவருடைய பைக்கின் பின்னிருக்கையில் உட்கார்ந்துதான் நான் இந்த மாவட்டத்தைப் பார்த்தேன். என்னை ‘அண்ணா’ என்பார், என் மனைவியை ‘அண்ணி’ என்பார். ரோடு பற்றிய செய்தி என்றால் நான் எழுதுவதற்கு முன் அவர் குனிந்து அந்த ரோட்டைச் சோதித்துப் பார்ப்பார்.

ஒருமுறை நாட்றாம்பாளையத்தைத் தாண்டி ஒரு மலைக் கிராமத்துக்கு, புதிதாகப் போட்ட ரோட்டைப் பார்க்கப் போனோம். ராகி தூற்றிக்கொண்டிருந்த ஒரு விவசாயி எங்களைப் பார்த்ததும், “வாங்க வாங்க. ரோடு வந்துருச்சு. பஸ்ஸுக்குத்தான் இன்னும் யாரும் சொல்லல போல” என்றார். புகைப்படக்காரர் செருப்பு நுனியால் ரோட்டின் ஓரத்தை நெம்பினார். தார் அடை போலப் பெயர்ந்து வந்தது.

“அண்ணா, இதை ரோடுன்னு எழுதிராதீங்க. சுமை ஏத்துன லாரி உள்ள போயித் திரும்பி வரணும். அதுதான் ரோடு. மத்ததெல்லாம் தடம்.”

அந்த அளவுகோலை நான் என் செய்திகளில் பலமுறை பயன்படுத்தினேன்.

பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து மத்திகிரிக்கு அப்பால், ஏரியை ஒட்டி ஒரு துண்டு நிலம் வாங்கினோம். முன்னால் ரோடு, பின்னால் ஏரிக்கரை, நடுவில் நீளமாக ஒரு பட்டை. இரண்டாகப் பிரிக்க வேண்டும். முன்பக்கம் தனக்கு வேண்டும் என்று அவர் கேட்டார். ஸ்டூடியோ வைக்கும் எண்ணம் அவருக்கு இருந்தது.

“எனக்கு ரோட்டு மேல இருந்தாத்தாண்ணா நாலு பேரு உள்ள வருவாங்க. நீங்க எழுதற ஆளு. உள்ள தள்ளி இருந்தா உங்களுக்கு நிம்மதிதான?”

என் மனைவி ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாள். “அந்த உள்ளுக்கு நாங்க எப்பிடிப் போறது?”

“என் எடத்துல தடம் வுடறேன் அண்ணி. தண்ணி லாரியே உங்க வாசல்ல வந்து நிக்கும், பாருங்க.”

எங்கள் பக்கத்தில் தடம் விடுவதற்கு ஒரு முறை உண்டு. டேப் பிடித்து அளப்பதை யாரும் முழுதாக நம்புவதில்லை. டிராக்டரில் டிரெய்லரை மாட்டி, மண்ணை ஏற்றி, அந்த வழியாக ஒருதடவை ஓட்டிப் பார்ப்பார்கள். சக்கரத்துக்கு வெளியே இரண்டு பக்கமும் ஒரு முழம் விட்டுச் சுண்ணாம்பு போடுவார்கள். அந்தக் கோடுகளுக்கு நடுவே இருப்பதுதான் தடம். அவருடைய இடத்தில் நடுவாக்கில் ஒரு பாறை இருந்தது. டிராக்டர் அதைச் சுற்றிப் போனதால் எங்கள் தடத்தில் ஒரு வளைவு விழுந்தது. டிராக்டருக்குப் பின்னால் சுண்ணாம்புக் கூடையோடு நடந்தது அவர்தான். சட்டையெல்லாம் வெள்ளை.

டிராக்டர்காரர் இறங்கி, “பேப்பர்ல எழுதிக்கிட்டா நல்லதுங்க” என்றார்.

“நாங்களே பேப்பர்தானே” என்றார் இவர். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

எத்தனையோ வரப்புத் தகராறுகளை நான் செய்தியாக்கியிருக்கிறேன். ஆனாலும் அன்று எழுதிக் கேட்கவில்லை. நண்பரிடம் எழுதிக் கேட்டால், உன்னை நம்பவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்வதாகத்தான் இங்கே எடுத்துக்கொள்வார்கள். முன்பக்க நிலம் முழுவதும் அவர் பெயரில் பதிவானது. தடம் எங்கள் பேச்சில் மட்டும் இருந்தது.

வீடு கட்டினேன். போர்வெல் கைவிட்டது, ஏரி பக்கத்தில் இருந்தும் கீழே தண்ணீர் இல்லை. அதனால் எங்கள் வீடு தண்ணி லாரியை நம்பித்தான் நடந்தது. லாரி ரோட்டிலிருந்து திரும்பி, பாறையைச் சுற்றி, வாசலுக்கு வந்து நிலத்தடித் தொட்டியான சம்ப்பை நிரப்பிவிட்டுப் போகும். லாரி வராவிட்டால் அந்த வீட்டில் குடியிருக்க முடியாது. இது அவருக்கு நன்றாகத் தெரியும். லாரி வரும் நேரத்தில் அவர் இருந்தால் ரிவர்ஸ் பார்த்துக் கைகாட்டுவதும் அவர்தான்.

சில ஆண்டுகளில் அவர் பத்திரிகையை விட்டார். கல்யாணப் படங்கள், பெங்களூர் பக்கம் பெரிய வேலைகள். ஸ்டூடியோ வரவில்லை. வருகை குறைந்தது, போன் குறைந்தது. அதில் எனக்கு வருத்தம் இருந்தது, சந்தேகம் இல்லை.

அவர் நிலத்தை விற்றது எனக்கு ஜேசிபி சத்தத்தில்தான் தெரிந்தது. காலையில் எழுந்து வந்து பார்த்தபோது பாறையைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்கள். ஓசூர் மார்க்கெட்டில் காய்கறி மண்டி வைத்திருக்கும் ஒரு பாய் வாங்கியிருந்தார். நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைக் கண்டதும் எழுந்தார்.

“நீங்கதான் பின்னாடி வூடா? வாங்க சார். தூசி வருதா? சாயங்காலம் தண்ணி அடிக்கச் சொல்றேன்.”

“பாய், இது எங்க தடம்.”

அவருக்குப் புரியவில்லை. திருப்பிச் சொன்னேன்.

“லாரி வந்து போன தடம் இருந்திச்சு, நான் பாத்தேன். கேட்டேனே அவருகிட்ட. ‘அவங்களுக்கு ஏரி மேல ரோடு இருக்குது பாய், என் எடம் சும்மா கெடந்ததால இப்பிடி வந்து போயிட்டிருக்காங்க’ன்னாரு. நான் முழு எடத்துக்கும்தான் சார் குடுத்திருக்கேன்.”

ஏரி மேல் இருப்பது கால்நடைப் பண்ணைப் பக்கம் மேயப் போகும் மாடுகளின் ஒற்றைத் தடம். கரை ஒரு இடத்தில் உடைந்து, தென்னங்கட்டை போட்டிருக்கிறார்கள். மழைக்காலத்தில் மாடே தயங்கும். அந்த உடைப்பைச் செய்திக்காகப் படம் எடுத்தவர் அவர்.

போன் செய்தேன். முதலில் எடுக்கவில்லை. மாலையில் அவரே கூப்பிட்டார். “வந்து பேசிக்கலாம்” என்றார். வழக்கறிஞர் ஒருவரிடமும் கேட்டேன். வழக்குப் போடலாம், இழுக்கும் என்றார். டிராக்டர்காரர் இப்போது உயிரோடு இல்லை. “பேச்சு இருந்ததுன்னு சொல்ல இனி ஒரே ஆளு வித்தவருதான். அவரு சொன்னா இன்னிக்கே முடிஞ்சிரும்” என்றார் வழக்கறிஞர். அதனால் அவர் வருவதற்காகக் காத்திருந்தேன். வந்தால் சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். விற்றது அவசரத்தில் இருக்கலாம், பொய் சொன்னது வாய்தவறி இருக்கலாம். என் முகத்துக்கு நேராக அதையே சொல்வார் என்று நான் நினைக்கவில்லை.

அவர் வந்த அன்று நானும் பாயும் என் வீட்டுச் சுவரோரம் நின்றிருந்தோம். நிலம் முழுவதும் சமமாக்கியிருந்தார்கள். பாறை இல்லை, சக்கரத் தடம் இல்லை, செம்மண் தட்டுப் போலக் கிடந்தது. காரை ரோட்டில் நிறுத்திவிட்டு அவர் எங்களைப் பார்த்து நடந்து வந்தார். நேராக வந்தவர், பாதி தூரத்தில் இடப்பக்கம் ஒதுங்கி, வளைந்து, மறுபடி நேராக வந்தார். இல்லாத பாறையைச் சுற்றி வந்தார்.

“நல்லா இருக்கீங்களா சார்?” என்று என்னைக் கேட்டார். அவர் வாயிலிருந்து அந்த ‘சார்’ எனக்கு வந்தது அதுதான் முதல்தடவை.

பாய் சுற்றி வளைக்கவில்லை. “தடம் வுட்டீங்கன்னு சார் சொல்றாரு. வுட்டிருந்தா வுட்டேன்னு சொல்லிருங்க. நான் சுவத்தை உள்ள தள்ளிக்கறேன். ஆனா அந்த எடத்துக்கு நான் குடுத்த காசுக்கு நீங்க எனக்குப் பதில் சொல்லணும்.”

அவர் ஏரியைப் பார்த்தார். “அப்பிடி ஒண்ணும் பேசலீங்க பாய். காலியாக் கெடந்தது, வந்து போயிட்டிருந்தாரு. அவருக்குத்தான் ஏரி மேல ரோடு இருக்குதில்ல?”

“அது ரோடாப்பா?” என்றேன்.

“எல்லாரும் ரோடுன்னுதான் சார் சொல்றாங்க.”

“எல்லாரையும் வுடு. நீ சொல்லு. அதுல சுமை லாரி போயித் திரும்பி வருமா?”

“இன்னிக்கு வராது. நாளைக்கே பஞ்சாயத்துல போட்டா ரோடுதான?”

என் மனைவி உள்ளேயிருந்து வாசலுக்கு வந்து நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அண்ணி என்று கூப்பிடவும் இல்லை.

எனக்குக் கேட்க ஒன்றுதான் மிச்சம் இருந்தது. “அங்க ஏன் சுத்தி வந்த? பாறைதான் இல்லியே.”

அவர் திரும்பி, தான் நடந்து வந்த வழியைப் பார்த்தார். ஈரமண்ணில் ஷூத் தடங்கள் வளைந்து கிடந்தன. பாயும் பார்த்தார். பிறகு அவர் போனை எடுத்து மணி பார்த்தார்.

“எனக்கு லேட் ஆவுது பாய். வரேன்.”

போகும்போது குறுக்கே, நேராக நடந்தார்.

அடுத்த வாரம் சுவர் எழுந்தபோது, பைக் போகும் அகலத்துக்கு மட்டும் பாய் ஓரத்தில் சந்து விட்டிருந்தார். “என்ன நடந்திருக்குதுன்னு எனக்கும் தெரீது சார். நானும் குடுத்துத்தான் வாங்கியிருக்கேன். என்னால இவ்வளவுதான் முடியும்” என்றார். அவர் விட்டது அவருடைய இடம். எனக்குக் கடன்பட்டவர் அவர் இல்லை.

வீட்டை விற்கலாமா என்று யோசித்தோம். பார்க்க வந்த இரண்டு பேரும் சந்துவரை வந்து திரும்பிவிட்டார்கள். வழக்கு நடக்கிறது. அதில் புகைப்படக்காரர் இன்னும் சாட்சி சொல்ல வரவில்லை.

பாய் அங்கே வீடு கட்டிக் குடிவந்துவிட்டார். தண்ணி லாரி இப்போது முன்னால் ரோட்டிலேயே நிற்கிறது. சந்துப் பக்கம் சுற்றினால் ஓஸ் எட்டாது. பாயின் கேட்டைத் திறந்து, முற்றம் வழியாகப் போட்டு, பின்சுவர் மேல் ஏற்றி எங்கள் சம்ப்புக்குள் விட்டால்தான் எட்டும். அவர் வீட்டில் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் நான் போய்க் கேட்க வேண்டும். தண்ணீர் ஏறி முடியும்வரை அவர் மனைவி கேட்டருகில் நிற்க வேண்டும். ஓஸ் கசிந்து நனைந்த முற்றத்தை என் மனைவி போய்த் துடைத்துவிட்டு வருகிறாள்.

போன வாரம் அவர்கள் ஒரு கல்யாணத்துக்காகக் கிருஷ்ணகிரி போயிருந்தார்கள். சம்ப் காலியாகிவிட்டதால் லாரிக்குச் சொல்லியிருந்தேன். லாரி வந்தது. கேட்டில் பூட்டு. டிரைவர் ஓஸை இழுத்துக்கொண்டு சந்துக்குள் வந்து பார்த்தார். அது பழைய வளைவு இருந்த இடம் வரைக்கும்கூட வரவில்லை.

“என்ன சார் பண்றது? அடுத்த லோடுக்கு ஆளு நிக்கறாங்க.”

போகச் சொன்னேன். மாடியிலிருந்து நானும் மனைவியும் பார்த்துக்கொண்டிருந்தோம். நிறைந்த டேங்கின் மூடி வழியே தண்ணீர் தளும்ப, லாரி மெதுவாகத் திரும்பி, மத்திகிரிப் பக்கம் போனது.