மதிலுக்கு மேலே ஒரு தலை

கோபத்தில் மதில் கட்டக் கூடாது. நான் கட்டினேன்.

பேசாலையில் என் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் நடுவே முப்பது வருசமாக ஓலை வேலிதான். வேலியில் ஒரு பொட்டு இருந்தது, ஆள் குனிந்து நுழையுமளவு திறப்பு. பக்கத்து வீட்டு அக்கா அதனூடாக வருவார், அவர் கையில் ஒரு கிண்ணம் சுடச்சுடச் சுறா வறையும் வரும். பிள்ளைகள் கனடாவுக்குப் போன பிறகு என் வீட்டில் கேட்ட மனுசக் குரல் அவருடையது மட்டும்தான்.

அவருடைய கோழிகளுக்கும் அதுதான் வழி. போன மாதம் என் மிளகாய்க் கன்றுகளில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் கிளறித் தள்ளிவிட்டன. நான் வேலியடியில் நின்று வாய்க்கு வந்தபடி கத்தினேன்.

"அவ்வளவு கரைச்சல் எண்டால் மதிலைக் கட்டுங்கோவன், ரீச்சர்" என்றார்.

என்னை எப்போதும் 'தங்கச்சி' என்பவர் 'ரீச்சர்' என்றதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளே மேசனைக் கூப்பிட்டேன். நாலு நாளில் மதில் இடுப்பளவு உயர்ந்தது. அந்த நாலு நாளும் நாங்கள் கதைக்கவில்லை.

ஐந்தாம் நாள் பின்னேரம் எங்கள் ஒழுங்கைச் சனத்தின் செபக்கூட்டம் என் வீட்டு முற்றத்தில். விளக்கம் சொல்ல வேண்டியதும் நான்தான். "முப்பது வருசம் படிப்பிச்ச வாய்தானே, ஒரு சொல்லை விளங்கப்படுத்துங்கோ" என்று பங்குச்சுவாமி ஒரு துண்டில் வேதாகமத்து எபிரேயச் சொல் ஒன்றை எழுதித் தந்திருந்தார். பெராசோத். அதன் கருத்தை அவர் சொன்னபோதே எனக்கு விளங்கிவிட்டது. வேண்டுமென்றேதான் தந்தார் மனுசன்.

கூட்டத்துக் கதிரைகள் அக்கா வீட்டில்தான் இருக்கும். முன்பெல்லாம் பொட்டுக்குள்ளால் வரும். அன்று அவருடைய மருமகன் ஒவ்வொன்றாக மதிலுக்கு மேலால் தூக்கித் தந்தார். அக்காவுக்கு முழங்கால் வருத்தம், மணலுக்குள் றோட்டால் சுற்றி நடக்க ஏலாது. ஒரு கதிரையை மட்டும் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அதிலே அமர்ந்தார். எங்களுக்குத் தெரிந்தது மதிலுக்கு மேலே ஒரு தலை மட்டுமே. அந்தத் தலையும் எங்களோடு சேர்ந்து செபம் சொன்னது.

நான் அந்தச் சொல்லை "பழைய காலத்து ஊர்கள்" என்று சொல்லி நைசாகத் தாண்டப் பார்த்தேன்.

"ரீச்சர்," என்றது தலை, "எப்பிடியான ஊரெண்டு சொல்லேல்லையே?"

சுவாமி செபப்புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்தார். தோள்கள் குலுங்கின. வகுப்பில் ஒரு சொல்லுக்கும் நான் பொய்க்கருத்துச் சொன்னதில்லை. விழுங்கி விழுங்கிச் சொன்னேன்: "மதில் இல்லாத ஊருகள். கதவு, தாழ்ப்பாள் ஒண்டும் இல்லாமல் வெளியாய்க் கிடக்கிற ஊருகள். சனமும் ஆடுமாடும் பெருகி, மதிலுக்குள்ள அடங்காத ஊரெண்டும் ஒரு தீர்க்கதரிசி சொல்லுறார்."

"ஆடுமாடு எண்டால், கோழியும் சேர்த்தியோ?"

முற்றமே வெடித்துச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, வெட்கம் கெட்ட சிரிப்பு. நிமிர்ந்து பார்த்தேன். சிரிக்காமல் இருந்தவர் அக்கா ஒருவர்தான். பொட்டு இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நாலு நாள் அவருக்கும் நாலு நாள்தானே!

விடிந்ததும் மேசனிடம் சொன்னேன், "நடுவிலை உடையுங்கோ."

"கேற் வைக்கவோ, ரீச்சர்?"

"கேற்றும் வேண்டாம், தாழ்ப்பாளும் வேண்டாம்."

"எவ்வளவு அகலம்?"

"அக்கா காலை நோகாமல் வைச்சு வரவேணும். அவவின்ர அகலம் உமக்குத் தெரியும்தானே."

கல் விழுந்து தூசி அடங்கியதும் முதலில் நுழைந்தது கோழி, மிளகாய்க் கன்றுகளைக் கிளறிய கூட்டத்தில் ஒரு சிவப்புக் கோழி. அதைத் துரத்த எனக்கு மனம் வரவில்லை. பின்னாலேயே அக்கா வந்தார், இரண்டு கையிலும் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு.

"என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய் தங்கச்சி, பிடி, கை சுடுது" என்றார்.