தில்சோபாவின் போனஸ் பங்குக்கு வரி

நேபாளத்து மலையூரான தான்சேனின் பேருந்து நிலையத்தில், அடிவாரத்துப் புட்வலுக்கு டிக்கெட் எழுதுகிற நுச்சேமான் ஸ்ரேஷ்டா, நாளொன்றுக்கு எப்படியும் இருநூறு பேரை மலையிறக்கி அனுப்பிவைப்பான். தான் மட்டும் போகமாட்டான். பஸ்ஸில் ஏறினால் இரண்டு மணி நேரம். அங்கே ஒரு மருந்துக்கடையில் அவன் பெண்டாட்டி தில்சோபா பில் போட்டுக்கொண்டிருக்கிறாள். ஆறு வருஷமாக அவளை அவன் பார்க்கவில்லை. இப்படியும் ஒரு மனுஷன் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறானே, என்ன செய்ய!

ஆனால் கனவில் போவான். தினமும் போவான். மாசி பிறப்பதற்கு முந்தின அந்தக் குளிர்காலக் காலைகளில், கீழே மாடி என்கிற பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி தேங்கி வெள்ளை ஏரியாகக் கிடக்கும். டிக்கெட் கூண்டுக்குள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஒரு கையில் பால் டீயோடு அதைப் பார்த்துக்கொண்டே இருப்பான். கண் திறந்தபடியே இருக்கும், ஆள் இருக்கமாட்டான். பஸ் அந்த வெள்ளைக்குள் இறங்கும். என்ஜின் சத்தம் அடங்கிப்போகும். சக்கரம் தரையில் படுகிறதா என்றே தெரியாது. வழியில் எந்நேரமும் கல் உருளுகிற சித்தபாபா மலைச்சரிவில் ஒரு கல்லும் உருளாது, யாரும் ஹாரன் அடிக்கமாட்டார்கள். வெள்ளைக்கு அடியில் புட்வல் வெதுவெதுவென்று இருக்கும். மருந்துக்கடை வரிசையில் போய் நிற்பான். முன்னால் நிற்கிறவர்கள் ஒவ்வொருவராகக் கரைந்துபோவார்கள். தில்சோபா தலை நிமிராமலே, "என்ன மாத்திரை வேணும்?" என்று கேட்பாள். பதில் சொல்ல வாயைத் திறப்பான்.

"யோவ், ரெண்டு டிக்கெட்டுன்னு எத்தன தடவ சொல்றது? வாயில கொழுக்கட்டையா?"

அவ்வளவுதான். ஏரி வெறும் பனியாகவும் டீ ஆறிப்போனதாகவும் திரும்பிவரும். ஆறு வருஷத்தில் அந்த வரிசையில் எத்தனை நூறு தடவை நின்றிருப்பான், ஒரு தடவைகூட மாத்திரை வாங்கியதில்லை.

அவள் போனது பங்குச்சந்தையால்தான். பங்கு என்றால் இந்த ஊரில் யாருக்குத்தான் பைத்தியம் இல்லை? எந்தக் கம்பெனி புதுப் பங்கு வெளியிட்டாலும் வீட்டில் இருக்கிற அத்தனை பேர் பெயரிலும் விண்ணப்பம் போடுவார்கள், தொட்டில் பிள்ளை பெயரில்கூட. குலுக்கலில் யாருக்காவது பத்துப் பங்கு விழும். எல்லாருடைய கணக்கு எண்ணும் கடவுச்சொல்லும் வீட்டுக்கு ஒரு ஆளின் நோட்டில் இருக்கும். நுச்சேமானின் நோட்டில் அவனும் தில்சோபாவும் போக, தெருவில் இன்னும் ஏழு பேர். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் ஒரு வங்கியின் பங்கு ஒரே குலுக்கலில் இருவருக்குமே விழுந்தது, ஆளுக்குப் பத்து. அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது என்பார்கள். உருளைக்கிழங்கைத் தயிரில் பிசைந்து சுகௌனி செய்து தெரு முழுக்கக் கொடுத்தாள்.

அதோடு நின்றிருக்கலாம். ஆசை விடுமா? அவள் தாய்வீட்டுச் சங்கிலியை எடுத்துக் கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்து, சந்தை உச்சியில் இருந்தபோது ஒரு மின்சாரக் கம்பெனியின் பங்கை அள்ளினான். மூன்றே மாதத்தில் அது பாதிக்கும் கீழே விழுந்தது. விஷயம் தெரிந்த அன்று அவள் கத்தவில்லை. அவனுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"போனது சங்கிலின்னு நெனைக்காதீங்க. ஒரே வீட்டுல இருக்கேன், தினம் மூஞ்சிக்கு எதிர்ல நிக்கிறேன். என்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு உங்களுக்குத் தோணல பாருங்க, அதுதான் எனக்கு ஆறல."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போய்விட்டாள். அந்த டிக்கெட்டை எழுதினவனும் இந்த மகாராஜன்தான். எழுதிக் கிழித்துக் கையில் கொடுத்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் வருஷம் சங்கிலியை மீட்டு, தானே கொண்டுபோகாமல் பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்பினான். அவள் வாங்கிக்கொண்டாளாம், பதில் எதுவும் சொல்லவில்லையாம். அவளுடைய பழைய போன் எண்ணும் அதற்குள் செத்துப்போயிருந்தது.

மின்சாரக் கம்பெனிப் பங்கையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டான். வங்கிப் பங்கு இருபதை மட்டும் தொடவில்லை. அந்த வங்கி வருஷாவருஷம் போனஸ் பங்கு கொடுக்கும். சும்மா கிடைக்கிறதே என்று வாயைப் பிளக்காதீர்கள், அதற்கு நூற்றுக்கு ஐந்து வரி உண்டு. சில வங்கிகள் கூடவே கொஞ்சம் ரொக்கமும் கொடுத்து வரியை அதிலேயே கழித்துவிடும். இந்த வங்கிக்கு அந்தத் தாராளம் கிடையாது. பங்குதாரரே கெடுவுக்குள் வரியைக் கட்ட வேண்டும், கட்டினால்தான் போனஸ் கணக்கில் ஏறும். யார் பெயருக்கு யார் வேண்டுமானாலும், எந்தக் கிளையில் வேண்டுமானாலும் கட்டலாம்.

ஆறு வருஷமாக நுச்சேமான் தில்சோபாவின் வரியையும் கட்டினான். ஆறு ரூபாய், ஏழு ரூபாய், ஒரு வருஷம் எட்டரை. அவள் பெயரைத் தன் கையால் ஒரு ரசீதில் எழுதுவதற்கு அவனுக்கு உலகத்தில் அந்த ஒரு சந்தர்ப்பம்தான் இருந்தது. எழுதி முடித்த பிறகு அதையே பார்த்துக்கொண்டு நிற்பான், பின்னால் இருக்கிறவர்கள் முணுமுணுக்கும்வரை.

இந்த வருஷம் அக்கா ஹேராதேவி கழுத்தில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து ஊரான பர்துங்கில் ஒரு விதவைப் பெண்ணைப் பார்த்து வைத்திருந்தாள்.

"ஆறு வருஷம்டா தம்பி! வழக்குப் போட்டு விவாகரத்து வாங்கித் தொலை. அவ பங்குக்கு நீ வரி கட்டுறியாமே, தெருவே சிரிக்குது. அவளுக்கு அது தெரியுமா, கேக்குறேன்?"

"தெரியாது."

"தெரியாதவளுக்கு எதுக்குடா கட்டுற?"

நுச்சேமான் தலையைச் சொறிந்தான். அன்று ராத்திரி முழுக்க யோசித்து, தனக்குத் தானே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டான். இந்த வருஷம் முந்திக்கொண்டு கட்டமாட்டான். கடைசி நாள் வரை காத்திருப்பான். அதற்குள் அவளே தன் வரியைக் கட்டியிருந்தால், தன் கணக்கைப் பிரித்துக்கொண்டு போய்விட்டாள் என்று அர்த்தம். அப்போது அக்கா நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவான். அக்காவிடமும் அப்படியே சொல்லிவிட்டான்.

"பத்து ரூபாய்ல பெண்டாட்டிய முடிவு பண்ற ஒரே ஆளு நீதான்டா" என்றாள் அவள்.

பத்துகூட இல்லை. போனஸ் ஏறி ஏறி இப்போது ஆளுக்குப் பதினாறு பங்கு, அதற்குப் பன்னிரண்டு சதவீத போனஸ். பங்கு ஒன்றுக்கு நூறு ரூபாய் என்று வைத்து, வரி ஒன்பது ரூபாய் அறுபது பைசா.

அந்தப் பதினைந்து நாளும் அவன் எழுதிய டிக்கெட்டில் பாதி தப்பு. தேதி மாறும், இருக்கை மாறும், ஒரே ஜன்னலோர இடத்தை மூன்று பேருக்கு எழுதுவான். கனவும் மாறிப்போயிற்று. பஸ் வெள்ளைக்குள் இறங்கும், இறங்கிக்கொண்டே இருக்கும், அடியில் ஊரே வராது.

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. அன்று வங்கி மூன்று மணிக்கே மூடிவிடும். நுச்சேமான் காலையிலிருந்து இரண்டு தடவை வங்கி வாசல் வரை போய்த் திரும்பினான். மூன்றாம் தடவை, இரண்டே முக்காலுக்கு, உள்ளே போனான். பனி அன்றைக்கு மதியம் தாண்டியும் விலகவேயில்லை. ஊர் மொத்தமும் ஈரப் பஞ்சுக்குள் பொதிந்த மாதிரி இருந்தது. தன் காலடி தனக்கே கேட்கவில்லை, இதுவும் கனவுதானோ என்று அவனுக்குச் சந்தேகம்.

வரிக் கவுண்டரில் ஸ்மிருதி ரானா இருந்தாள். நாலு வருஷமாக அவனுக்கு ரசீது போடுகிறவள்.

"வாங்கண்ணே. இந்த வருஷம் காணோமேன்னு பாத்தேன். கப்பல் கவுந்துருச்சோன்னு நெனச்சேன்."

"தில்சோபா ஸ்ரேஷ்டா" என்றான். "அவங்க பேருல... கட்டியாச்சா பாரு தங்கச்சி."

அவள் தட்டிப் பார்த்தாள்.

"கட்டலண்ணே. பாக்கியாத்தான் நிக்குது."

ஒரு பெரிய மூச்சு வெளியே வந்தது. உடனே அடுத்த நினைப்பும் வந்தது. கட்டாததற்குப் பிரிய மனமில்லை என்றா அர்த்தம்? அப்படி ஒரு பங்கு இருப்பதையே மறந்துவிட்டாள் என்றும் இருக்கலாமே! மறந்தே போயிருந்தால் அது கையெழுத்தைவிட மோசம். தீர்ப்பு எழுதும்போது இந்த மூளை எங்கே மேயப் போயிருந்தது என்று தன்னையே திட்டிக்கொண்டான். என்னவானாலும் சரி, அவள் போனஸ் வீணாகக்கூடாது. ரசீதில் அவள் பெயரை எழுதினான், பத்து ரூபாய்த் தாளை நீட்டினான். ஸ்மிருதி முத்திரை குத்தினாள்.

"என்னோடதையும் போட்டுரு" என்று இன்னொரு பத்து ரூபாயை வைத்தான்.

அவள் தட்டினாள், நெற்றியைச் சுருக்கினாள், மறுபடியும் தட்டினாள்.

"உங்களோடது கட்டியாச்சேண்ணே."

"நான் கட்டலையே!"

"கட்டியிருக்கு. பன்னெண்டு நாள் ஆச்சு. புட்வல் கிளை." திரையை அவன் பக்கம் திருப்பினாள். "கட்டினவங்க பேரு, தில்சோபா ஸ்ரேஷ்டா."

நுச்சேமான் திரையருகே குனிந்தான். தன் வரியைக் கட்ட வந்தவள் தன்னுடையதை விட்டுவிட்டு அவனுடையதைக் கட்டிவிட்டுப் போயிருக்கிறாள். பத்து ரூபாய் இல்லாமலா விட்டாள்? பெயருக்குக் கீழே, கட்டுகிறவர் கட்டாயம் எழுத வேண்டிய போன் எண் இருந்தது. அவன் அறியாத பத்து இலக்கம்.

"அதையே மொறச்சுக்கிட்டு நின்னா என்னண்ணே அர்த்தம்? அடிங்க" என்றாள் ஸ்மிருதி. சொல்லிவிட்டு, ஏற்கெனவே எண்ணி முடித்த கட்டை எடுத்து மறுபடி எண்ணத் தொடங்கினாள்.

அவன் விரல் இரண்டு தடவை தப்பாக அழுத்தியது. மூன்றாவது தடவை மணி போயிற்று. ஒரே மணியில் எடுத்துவிட்டார்கள். இவன் பேசவில்லை. அந்தப் பக்கம் யாரோ டோக்கன் எண் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

"நீங்கதானே" என்றது தில்சோபாவின் குரல். "மூச்சு விடுறதுலயே தெரியுது. என்னோடத கட்டியாச்சா?"

"கட்டிட்டேன். இப்பத்தான்... இந்த நிமிஷம்."

"கடைசி நாள் வரைக்குமா?" அவள் குரல் உயர்ந்தது. "போன வருஷம் கட்டலாம்னு இங்க வந்தேன். தான்சேன்ல கட்டியாச்சு, வருஷா வருஷம் நுச்சேமான்னு ஒருத்தர்தான் கட்டுறார்னு சொன்னாங்க. அப்படியே நின்னுட்டேன். சரி, அந்தாளு வாயத் திறக்கமாட்டாரு, நாமளாச்சும் ஒண்ணு செய்வோம்னு இந்த வருஷம் உங்களோடத கட்டிட்டு, என்னோடத உங்களுக்கு விட்டு வச்சேன். நம்பரையும் எழுதினேன். பன்னெண்டு நாளா தினமும் வந்து கேக்குறேன். கட்டல, கட்டலங்குறாங்க. இங்க இருக்குற பொண்ணுக்கே என்னப் பாத்தா பாவமாப் போச்சு."

"நான் வந்து... நீ உன்னோடத கட்டிட்டா முடிஞ்சுதுன்னு நெனச்சுக்கிட்டு..."

"நானும் அதேதான் நெனச்சேன். இன்னிக்கும் நீங்க கட்டலன்னா என்னோடத நானே கட்டிக்கிட்டு, விட்டதுடா சனியன்னு போயிடலாம்னு."

"இப்ப எங்க இருக்க?"

"எங்க இருப்பேன்? பாங்குலதான். கையில பத்து ரூபாய வச்சுக்கிட்டு, மூணு அடிக்கட்டும்னு நிக்கிறேன்."

சுவர்க் கடிகாரத்தில் மூன்று அடிக்க ஏழு நிமிஷம் இருந்தது. ஏழே நிமிஷம். பேருந்து நிலையத்துக்கே தெரிந்த அந்தத் தடிமரம், நாற்பத்தாறு வயது நுச்சேமான், வங்கியின் நடுக்கூடத்தில் நின்று குழந்தை மாதிரி அழுதான். வரிசையில் நின்றவர்கள் யாரும் முணுமுணுக்கவில்லை.

"அழாதீங்க. இங்க எல்லாரும் என்னயே பாக்குறாங்க" என்றாள் அவள். அவள் குரலும் உடைந்திருந்தது. "அப்ப இந்தப் பத்து ரூபாய நான் என்ன பண்ண?"

"வச்சுக்க" என்றான். "நான் வர்றேன்."