மாதா தேருக்கு ஊற்றிய கேழ்வரகுப் பால்

என் கேழ்வரகுப் பாலை நீ திருடினாய். என் கொழுந்தன் பெண்டாட்டி நீ, எனக்கு ஓரகத்தி. அதற்காக வேறு நல்ல வார்த்தை தேட மாட்டேன்.

எண்பதுகளில் காரிமங்கலம் பக்கத்து எங்கள் ஊரில் மே மாத வெயிலில் மாதா தேர் வரும். தூக்குகிறவர்கள் வாசலில் நின்று ஏதாவது வாங்கிக் குடிப்பார்கள். நான் கேழ்வரகுப் பால் கொடுப்பேன். முளைகட்டிய கேழ்வரகை ஆட்டுக்கல்லில் அரைத்துத் துணியில் பிழிந்த பால். அதை அடுப்பில் வைக்கவே கூடாது. வெல்லத்தைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஊற்றி, ஊறவைத்த உலர்திராட்சையும் நறுக்கிய பேரீச்சையும் போட வேண்டும்.

ஒரு வருஷம் உன் வீட்டுக்குப் பிரிட்ஜ் வந்தது. ஊரிலேயே முதல் பிரிட்ஜ். வண்டியிலிருந்து இறக்கியபோது என் வயிறு எரிந்தது. பொறாமைதான், மறைக்க என்ன இருக்கிறது? உன் புருஷனுக்கு டவுனில் வேலை, என் புருஷனுக்கு மானாவாரிக் காடு. "அக்கா, பாலை இங்க கொண்டாங்க, ஜில்லுன்னு இருக்கும்" என்று நீதான் கூப்பிட்டாய். குண்டானோடு கொண்டுவந்து வைத்தேன்.

வீட்டில் ஆட்டுக்கல்லைக் கழுவிவிட்டு வந்தால், தேர் உன் வாசலில் நிற்கிறது. புதுச் சேலையில் நீ கண்ணாடி டம்ளரில் ஊற்றிக்கொண்டிருக்கிறாய்.

"யாருங்க பண்ணது?" என்றான் ஒருவன்.

"நான்தாங்க. வேற யாரு?"

தேரோடு வந்த என் புருஷன் இரண்டாவது தடவையும் டம்ளரை நீட்டினார். "எங்க வூட்லயும் ஒருத்தி பண்றா, கழனித் தண்ணி. இதுதாம்மா பாலு."

எல்லாரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்துக்கொண்டே நீயும் சிரித்தாய். என் கையால் வருஷா வருஷம் குடித்து ஒரு வார்த்தை சொல்லாத மனுஷன், உன் டம்ளரில் குடித்ததும் பேசினார். நான் காலிக் குண்டானை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த வருஷம் உன்னிடமே கேட்டார்கள். என்னிடம் கேழ்வரகு மட்டும் வாங்கிப் போனாய், பக்குவம் கேட்கவில்லை. பாலையும் வெல்லத்தையும் அடுப்பில் காய்ச்சி பிரிட்ஜில் வைத்தாய். அது களியாக இறுகிப்போனது.

"கரண்டி நிக்குதுங்களே. வெட்டிக் குடுப்பீங்களா?" என்று ஒரு பையன் கேட்டான்.

நீ கூசாமல் சொன்னாய்: "அக்கா குடுத்த கேவுரு புழுத்துப்போச்சுங்க."

அதே குதிரில் எடுத்துத்தான் நாங்கள் வருஷம் முழுக்கத் தின்றோம். ஆனாலும் ஊர் உன்னை நம்பியது. "காயவெச்சுக் குடுத்திருக்கலாமில்ல" என்று என் புருஷனும் என்னைத்தான் திட்டினார். அதற்குப் பிறகு தேர் என் வாசலில் நின்றதில்லை. நான் கரைத்து வைத்தது வெயிலில் புளித்து மாட்டுக்குப் போனது.

உன் பிரிட்ஜ் துருப்பிடித்துப் பழைய இரும்புக்குப் போய்விட்டது. என் ஆட்டுக்கல் அப்படியே இருக்கிறது. வருகிற மே மாதம் தேர் கிளம்புவதற்கு முன் கோயில் வாசலில் மைக் இருக்கும், ஊர் நிற்கும், என் புருஷனும் நிற்பார். அன்றைக்குக் குண்டானில் இருந்தது யார் அரைத்த பால்? என் கேழ்வரகு புழுத்ததா, நீ அடுப்பில் வைத்துக் கெடுத்தாயா? வீட்டுக்கு வந்து என் காதில் சொல்லாதே. மைக்கைப் பிடித்துச் சொல்.